ஏழாம் எண் குழாய்

எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு ‘நார்மல் அக்கா’ என்று பெயர். எந்தச் சோதனைக்கும் நல்ல உடம்பின் ரத்தம் ஒன்று வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க. அக்கா கையை நீட்டிவிடுவாள். இருபத்திரண்டு வருடமாக அவள் ரத்தம்தான் எங்களுக்கு அளவுகோல். அதில் அவளுக்குத் தலைக்கனம் உண்டு. எனக்குக் கொஞ்சம் எரிச்சலும் உண்டு, மறைப்பானேன்.

அந்த வருடம் டாக்டரம்மா ஓர் ஆய்வு தொடங்கினார். காலில் நரம்பு சுருண்டு புடைத்தவர்களை நாற்பது நிமிடம் காலைத் தொங்கப்போட்டு உட்கார வைப்போம். அதற்கு முன்பும் பின்பும் பாதத்திலிருந்து ரத்தம் எடுப்போம். இரண்டாவது முறை வெள்ளை அணுக்கள் நன்றாகக் குறைந்திருக்கும். அவை ஓடிப்போகவில்லை, தேங்கிய ரத்தத்தோடு காலிலேயே சிக்கிக்கொண்டு, காக்க வேண்டிய இடத்தையே அரிக்கத் தொடங்குகின்றன. தோல் கறுக்கும், பிறகு புண்ணாகும். நல்ல காலில் குறைவது சொற்பம்.

அன்று காலை பத்துப் பேர். ஐந்து நோயாளிகள், ஐந்து நல்ல கால்கள். நல்ல கால்களில் ஒன்று அக்காவுடையது, கேட்கவா வேண்டும். அவள் காலைச் சோதிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. யார் கையையும் நம்பாமல், இரண்டு முறையும் திரைக்குப் பின்னால் போய்த் தானே பாதத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டாள். வந்ததும், கணுக்காலில் புண்ணோடு உட்கார்ந்திருந்த தையல்காரரைப் பிடித்துக்கொண்டாள்.

“தோலு கறுக்கும்போதே வரக்கூடாதா? கண்ணு எங்க போச்சு உங்களுக்கு?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

குழாய்களில் பெயர் இருக்காது, பிறகு டாக்டரம்மா ஒட்டும் எண் மட்டும்தான்; எது யாருடையது என்பது அவர் பட்டியலில்தான் இருக்கும். அடுக்கித் தருவது என் வேலை. அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எண்ணினாள். ஏழாம் எண்ணில் ஆறாயிரத்து இருநூறு, நாலாயிரத்து முந்நூறாக இறங்கியிருந்தது.

“இது நோயாளி. சந்தேகமே இல்ல,” என்றாள்.

மதியம் டாக்டரம்மா பட்டியலைத் திறந்தார். ஏழு, நல்ல கால்கள் பக்கம் இருந்தது. அக்கா என் மேல் பாய்ந்தாள்.

“குழாய மாத்தி வச்சிட்டியா? உனக்கு எத்தன தடவ சொல்றது?”

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. திரும்ப எண்ணச் சொன்னேன். எண்ணினாள். அதே கணக்கு.

டாக்டரம்மா பட்டியலை எங்கள் பக்கம் திருப்பினார். “அவ மாத்தல. ஏழு நீங்கதான்.”

எனக்கே தூக்கிவாரிப்போட்டது. அக்கா பேயறைந்தவள் போல நின்றாள். எண்ணும் கருவி கையில் இருந்தபடியே இருந்தது. பிறகு முக்காலியில் உட்கார்ந்து, இடது கால் சாக்ஸை இறக்கினாள். கணுக்காலின் உள்பக்கம், உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கறுத்து மினுமினுத்தது. என் எரிச்சலெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பயம்தான் இருந்தது.

“சாக்ஸ் ரப்பர் அழுத்தின தழும்புன்னு நினைச்சேன்,” என்றாள்.

டாக்டரம்மா விரலால் அழுத்திப் பார்த்தார். “இன்னும் புண்ணாகல. ஆனா நாள் கடத்தினா ஆயிடும். ரத்தம் தேங்காம இன்னைக்கே இறுக்கிக் கட்டுப் போட்டுடலாம். வெளிய உக்காருங்க, கூப்பிடறேன்.”

வெளியே ஒரே ஒரு பெஞ்சு, நோயாளிகளுக்கானது. அதில் அக்கா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. தையல்காரர் நகர்ந்து இடம் விட்டார். அவள் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

“எத்தன நாளாம்மா இருக்கு?”

“மூணு வருஷம்,” என்றாள் அக்கா.