காற்றில்லாத நேரம்

சின்ன காஞ்சிபுரத்தில் இப்போதுதான் விடிகிறது. ஊர் ஊராகப் போய் அலுவலகங்களில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதக் கற்றுக்கொடுப்பது என் பிழைப்பு. போகிற ஊரிலெல்லாம் மாதிரி விமானம் பறக்கவிடுவது என் பைத்தியம். பெங்களூர் பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது. காற்று எழுவதற்குள் பறக்கவிட வேண்டும் என்று தெருவுக்கு வருகிறேன்.

தெரு நிறைந்திருக்கிறது. தறியில் ஏற்றுவதற்கான அரக்கு நிறப் பட்டு நூலைப் பாவாகக் கழிகளில் நீள இழுத்துக் கட்டி, ஒரு குடும்பமே இழை பிரித்துக்கொண்டிருக்கிறது. அவர்களுக்கும் காற்றில்லாத இந்த நேரம்தான் வேண்டும்.

“இன்னாபா அது கையில?” என்கிறார் பாவின் தலைமாட்டில் நிற்கும் அம்மாள்.

“விமானம்மா. ரப்பரை முறுக்கிவிட்டா தானா பறக்கும்.”

“நூலு மேல வுழுந்துச்சுன்னா? மூணு கல்யாணப் பொடவைபா இது.”

“விழாதும்மா. நானே செஞ்சது.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார். “அவ்ளோ நம்பிக்கையா? வுடு, பாப்போம்.”

ரப்பரை முறுக்குகிறேன். விடுகிறேன். விமானம் பாவுக்கு மேலேயே நூல் பிடித்தாற்போல் போகிறது. இழை பிரிக்கும் கைகள் அப்படியே நிற்கின்றன. கடைசிக் கழியையும் தாண்டி மண்ணில் சறுக்கி நிற்கிறது. ஓர் இழைகூட அசையவில்லை.

பால்காரர் சைக்கிளை நிறுத்தி, எவ்வளவு தூரம் போனது என்று என்னைக் கேட்கிறார். அந்த அம்மாள் முந்திக்கொள்கிறார்.

“ஒரு பாவு தூரம்பா! எங்க பாவு மேலதான் பறந்துச்சு!”

இதுவரை அடிக்கணக்கில் பெருமையடித்தவன் நான். பெங்களூரில் கேட்பவர்களுக்கு இனி பாவுக்கணக்குதான்.