ரெண்டு சரி

வாஷிங் மெஷினில் துணியைப் போட்டாயிற்று. சோப்புத்தூளும் போட்டாயிற்று. குழாயைத் திறந்துவிட்டாயிற்று. ஆனால் பொத்தானை மட்டும் அவர் அழுத்தவில்லை. ஆள்காட்டி விரலைப் பொத்தானுக்கு ஒரு நூலிழை மேலே நிறுத்திக்கொண்டு வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுக்கிறார். "துவைக்கப் போறேன். யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?" அடுக்களையிலிருந்து மனைவி "சரி" என்கிறாள். விரல் அசையவில்லை. இன்னொரு சரி வர வேண்டும். மச்சினன் பல் தேய்த்துக்கொண்டிருக்கிறான். அவன் வாய் கொப்பளித்துவிட்டுத்தான் சரி சொல்ல முடியும். அதுவரை விரல் அங்கேயே நிற்கும்.

மச்சினன் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்த வாரத்தில் அந்த வீட்டில் துணியே துவைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஒரு சரி வாங்கிக்கொள்ளலாமா என்று இவர் கேட்டார். மனைவி பார்த்த பார்வையில் அந்த யோசனையை அப்படியே விழுங்கிவிட்டார்.

'ரெண்டு சரி' என்பது அவருக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர். அலுவலகத்துக்கும் அது எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டது. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் இப்போது சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது.

பகலில் வயிற்றுப்பாட்டுக்காக ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கணினிப் பிரிவில் இருக்கிறார். மனசு இருப்பது வேறிடத்தில். உலகத்தின் மூலைமுடுக்குகளில் இருக்கிற சிலநூறு பேர் சேர்ந்து, இணையதளம் கட்டுவதற்கான சட்டகம் ஒன்றைக் கூலி வாங்காமல் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். வீடு கட்டுகிறவனுக்குத் தூணும் உத்தரமும் தயாராகக் கிடைத்தால் எப்படியோ, அப்படி. யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம். ஓப்பன் சோர்ஸ் என்று இதைத்தான் சொல்கிறார்கள். நம்மவர் அந்தச் சட்டகத்தில் ஒரு வரிகூட எழுதியவரில்லை. எழுதுகிறவர்கள் கூடிப் பேச ஓர் அறை, சேர்ந்து எழுத ஒரு பலகை, ஓட்டுப் போட ஒரு பெட்டி, புதியவர்கள் நுழைய ஒரு வாசல், இவற்றையெல்லாம் கட்டிக் கொடுப்பவர் அவர். ஒருவர் எழுதியதை இன்னும் இரண்டு பேர் படித்துவிட்டுச் 'சரி' என்றால்தான் அது சட்டகத்துக்குள் போகும் என்பது அங்கே சட்டம். அந்தச் சரிகளை எண்ணுகிற கருவியும் இவர் செய்ததுதான். எண்ணி எண்ணி அது ரத்தத்தில் ஊறிப்போய்விட்டது.

"அவங்க சண்டை போடறதுல எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல. வரிசையா போடணும், அவ்வளவுதான்" என்பார்.

சாப்பாட்டு மேஜைதான் அவருடைய பட்டறை. தட்டு வைக்கிற இடத்தில் மடிக்கணினி இருக்கும். தட்டு அவர் மடியில் இருக்கும். மனைவி பல் ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பவள். ஊரார் வாய்க்கெல்லாம் அளவெடுத்தவள் என்பதால் யார் வாய்க்கும் அஞ்சமாட்டாள். மச்சினன் லிஃப்ட் மெக்கானிக். பொத்தானை அழுத்தினால் பெட்டி மேலே போக வேண்டும், இதற்கு நடுவில் பேச என்ன இருக்கிறது என்கிற கட்சி. ஆனாலும் இரண்டு பேருக்கும் அவர்மேல் கோபம் கிடையாது. மழைக்காலத்தில் குடையைக் கையோடு வைத்திருப்பதுபோல, அவருக்காக ஒரு சரியை எப்போதும் வாயோடு வைத்திருக்கிறார்கள்.

வீட்டில் இன்னொரு ஜீவனும் உண்டு. செருப்பு ஸ்டாண்டின் கீழ்த்தட்டில், மச்சினன் கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்று திரையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதிர்ந்து சத்தம் போடாமலிருக்க அடியில் ஒற்றை ரப்பர் செருப்பு. அதன் பெயர் சித்தப்பா. அந்தச் சட்டகத்துக்காரர்கள் பேசும் அறையில் ஒழுங்கைக் காப்பாற்றுவது அதன் வேலை. அப்பா என்று பெயர் வைத்தால் பயப்படுவார்கள், மாமா என்று வைத்தால் கேலி செய்வார்கள், சித்தப்பா சொன்னால்தான் கேட்பார்கள் என்பது இவருடைய கணிப்பு. இவரை மாமா என்று கூப்பிடுகிற மச்சினன் அதைக் கேட்டு அக்காவைப் பார்த்துச் சிரித்தான்.

சித்தப்பாவின் வைத்தியம் எளிமையானது. பதிலுக்குப் பதில் என்று பேச்சு ஓர் அளவைத் தாண்டினால் சித்தப்பா அறையைச் சாத்திவிடும். "ரெண்டு பேரும் தண்ணி குடிச்சிட்டு வாங்க" என்று ஒரு வரி மட்டும் திரையில் நிற்கும். ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம் கழித்துக் கதவு திறக்கும். அந்த நேரத்தைக் கணக்குப் பண்ணுவதற்காக மச்சினன் ஒரு சாயங்காலம் முழுக்கத் தண்ணீர் குடித்தான்.

அறையில் பெரிய சண்டைக்காரர்கள் இரண்டு பேர். ஒருவரை எல்லோரும் நத்தை என்பார்கள், மற்றவரைச் சுத்தியல் என்பார்கள். ஒரு பொத்தான் வலப்பக்கம் இருப்பதா இடப்பக்கம் இருப்பதா என்று மாதக்கணக்கில் மோதிக்கொண்டவர்கள். சித்தப்பா வந்த பிறகு இருவரும் குடித்த தண்ணீருக்கு அளவில்லை. தன் சிறுநீரகக் கல் கரைந்துவிட்டதென்று நத்தை அறையிலேயே சித்தப்பாவுக்கு நன்றி சொன்னார். கல் கரைந்தது, பொத்தான் இன்னும் நடுவிலேதான் நிற்கிறது.

இதில் ஒரு ரகசியம் உண்டு. சித்தப்பா பேசுவதெல்லாம் சித்தப்பா பேசுவதில்லை. நாலு பேர் கூடிய இடத்தில் நம்மவருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சொந்தப் பெயரில் ஒரு வரி எழுதக் கூசுவார். அதனால் சொல்ல வேண்டியதைச் சித்தப்பாவின் பெயரில் தட்டிவிடுவார். ஒருநாள் புதிதாக வந்த பெண் ஒருத்தி ஏதோ சின்னக் கேள்வி கேட்கப்போய், நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். "முதல் நாள் நாங்க எல்லாரும் இதைத்தான் கேட்டோம். நீங்க கேளுங்க" என்று சித்தப்பா எழுதியது. எழுதியது இவர் கை. மனிதர்களில் இப்படி நாலு பேர் இருந்தால் உலகம் எப்போதோ உருப்பட்டிருக்கும் என்று சுத்தியலே புகழ்ந்தார். இவர் அதை மனைவியிடம் படித்துக் காட்டினார். "உங்களைத்தானே சொல்றாங்க?" என்று அவள் கேட்டாள். "இல்ல, சித்தப்பாவைச் சொல்றாங்க" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். ஆனாலும் அன்றைக்கு அவருக்குக் கொஞ்சம் வலித்தது.

வினை வேறு வழியில் வந்தது. வருஷக்கணக்கில் வாய் திறக்காதவர்களிடமும் அறையின் சாவி, அதாவது உள்ளே எதையும் மாற்றுகிற உரிமை, கிடக்கிறதே, திருடன் கையில் அகப்பட்டால் என்ன ஆவது என்று ஒரு பேச்சு எழுந்தது. நியாயமான பேச்சு. இவர் உடனே உட்கார்ந்து, ஒரு வருஷமாகத் தன் பெயரில் ஒன்றும் பேசாதவரின் சாவியைத் தானாகவே பறித்துக்கொள்கிற கருவி ஒன்றைச் செய்து, சித்தப்பாவின் பெயரில் முன்வைத்தார். நத்தையும் சுத்தியலும் சரி சொன்னார்கள். இருவரும் சேர்ந்து ஒரே விஷயத்துக்குச் சரி சொன்னது அதுதான் முதல் தடவை.

கருவியை ஓட்டினார்கள். அந்தக் கூட்டத்தில் வருஷத்துக்கு ஒரு சண்டையாவது போடாத ஆளே கிடையாது. அதனால் கருவிக்கு அகப்பட்டது ஒரே ஓர் ஆள். ஈரத்துணியும் கையுமாக நின்றவரின் கைபேசிக்குச் சித்தப்பாவிடமிருந்து செய்தி வந்தது. "ரொம்ப நாளா உங்க குரலையே கேக்கல. சாவியை எடுத்து வெச்சிருக்கோம். வருத்தப்படாதீங்க, கதவு திறந்தேதான் இருக்கு."

அவரே எழுதிய வரிகள். 'வருத்தப்படாதீங்க' என்ற சொல்லை இதமாக இருக்கட்டும் என்றுதான் சேர்த்திருந்தார். வாசித்த பிறகுதான் அது எப்படிக் குத்தும் என்று தெரிந்தது. துணியை உதறாமல் அப்படியே கொடியில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

சித்தப்பா ஓடுகிற பெட்டி நம் வீட்டுச் செருப்பு ஸ்டாண்டில்தானே இருக்கிறது, அந்த வழியாக உள்ளே போய்ச் சாவியை எடுத்துக்கொண்டால் ஆயிற்று என்றான் மச்சினன். "அது கொல்லை வழி, மாப்ளே. அதுக்குப் பேரு திருட்டு" என்றார் இவர். அவர் போனது முன்வாசல் வழியாக, புதிய ஆளாக. "வாங்க வாங்க. முதல் தடவையா? கூச்சப்படாதீங்க" என்றது சித்தப்பா. புதியவர்களுக்குக் கொடுக்கிற முதல் வேலையையும் கையோடு கொடுத்தது. வரவேற்புப் பக்கத்தில் ஒரு படம் கொஞ்சம் கோணலாக இருக்கிறது, அதை நேராக்க வேண்டும். வருகிறவர்கள் கைப்பழக்கத்துக்காக அந்தக் கோணலை அங்கே வைத்தவரே இவர்தான். நேராக்கினார். இரண்டு பேர் சரி சொன்னால் சாவி கிடைக்கும். "யார் நீங்க? இதுல முன்அனுபவம் ஏதாவது உண்டா?" என்று சுத்தியல் விசாரித்தார். வெகுநேரம் யோசித்துவிட்டு, "கொஞ்சம்" என்று பதில் போட்டார்.

அதற்குள் சித்தப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது. யார் யாரோடு எத்தனை தடவை மல்லுக்கட்டினார்கள் என்று அது வைத்திருக்கும் கணக்கை ஞாயிறுதோறும் இவர்தான் கையால் துடைத்துவிடுவது வழக்கம். அதையும் தானாக நடக்கும்படி செய்ய வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். சாவி போனபின் துடைக்க ஆளில்லை. பழைய சண்டையெல்லாம் கணக்கில் நிற்க, யார் வாயைத் திறந்தாலும் சித்தப்பாவுக்கு அது சண்டையாகவே பட்டது. ஒருவர் வணக்கம் என்றார். இன்னொருவர் பதில் வணக்கம் சொன்னார். "ரெண்டு பேரும் தண்ணி குடிச்சிட்டு வாங்க." கதவு சாத்தியாயிற்று.

இவருடைய வேலைக்குச் சுத்தியல் ஒரு சரி போட்டார். அடுத்த சரி விழுவதற்குள் அறை மூடிக்கொண்டது. நடுவில் அறை மூடினால் எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது விதி. யார் எழுதிய விதி என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த வாரம் வெளிவர வேண்டிய சட்டகத்தின் புதுப்பதிப்பும் அப்படியே முடங்கிக் கிடந்தது. கதவு திறந்த ஓர் இடுக்கில் நத்தை கேட்டார், "சித்தப்பாவுக்குச் சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?" இவர் அவசரமாக 'நான் இருக்கேன்' என்று தட்டினார். அனுப்புவதற்குள் தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டது. இத்தனை வருஷம் பேசாமலிருந்த மனிதர் பேச வாயெடுத்தபோது கதவு மூடியிருந்தது. தன்னை அங்கே ஒருவருக்கும் தெரியாது என்பது அப்போதுதான் அவருக்கு முழுசாக உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது மனைவிக்குப் பொறுமை போயிற்று. ப்ளக்கைப் பிடுங்கி எறியச் சொன்னாள். பொதுச்சொத்து, தனியாகக் கைவைக்கக்கூடாது என்றார் அவர்.

"செருப்பு ஸ்டாண்டு யாரோடது? கரண்டு யாரோடது? அவங்க அறை அவங்க விஷயம். ப்ளக்கு நம்ம வீட்டு விஷயம். வீட்டு விஷயத்துக்கு வீட்டுச் சரி போதும். நான் சரி."

மச்சினன் வாய் நிறையச் சாப்பாட்டோடு, "சரி" என்றான்.

சட்டம் சட்டம்தான். அவர் எழுந்துபோய்க் குந்தி உட்கார்ந்து, செருப்புகளை ஒவ்வொன்றாக ஒதுக்கிவிட்டு ப்ளக்கை உருவினார். வருஷக்கணக்காக அந்த வீட்டில் கேட்டுக்கொண்டிருந்த உறுமல் நின்றது. மூன்று பேரும் அங்கேயே நின்றார்கள். எதற்கென்று தெரியாமல் மச்சினன் காலில் போட்டிருந்த வீட்டுச் செருப்பைக் கழற்றினான்.

அறை ஓடுவது வேறிடத்துக் கணினியில், அதனால் அது நிற்கவில்லை. பிறகு "சித்தப்பா?" என்று ஒருவர் கூப்பிட்டுப் பார்த்தார். இன்னொருவரும் கூப்பிட்டார். பதில் வரவில்லை என்றதும் ஒவ்வொருவராகத் தங்களுக்குச் சித்தப்பா எப்போதோ சொன்ன ஒரு வார்த்தையை எடுத்துப் போட ஆரம்பித்தார்கள். அன்று கேலிக்கு ஆளான பெண், தன்னிடம் சொன்ன வரியை எழுத்துப் பிசகாமல் போட்டு, அதனால்தான் இங்கேயே இருந்துவிட்டேன் என்று எழுதினாள். அவர்கள் எடுத்துப் போட்டதெல்லாம் இவர் கையால் தட்டியவைதான். தண்ணீர் குடிக்கச் சொன்னதை ஒருவரும் போடவில்லை. அவர் படித்துக்கொண்டே இருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். மனைவி பின்னால் வந்து நின்றாள், கேலி செய்யவில்லை.

துக்கம் விசாரிக்க வந்த இடத்திலும் நத்தையும் சுத்தியலும் சும்மா இருக்கவில்லை. சித்தப்பாவின் உயிரை வாங்கியது உன் வாய்தான் என்று தொடங்கினார் ஒருவர். சாத்துவதற்குக் கதவு இல்லை, தடுக்க நாதி இல்லை. அந்த அமளிக்கு நடுவே, நேராக்கிய படத்தை அந்தப் பெண் பார்த்து ஒரு சரி போட்டாள். நத்தை கைதவறியோ என்னவோ இன்னொரு சரி போட்டார். சரிகளை எண்ணுகிற கருவிக்குச் சித்தப்பாவின் தயவு தேவையில்லை. இவர் கைக்குச் சாவி திரும்பி வந்தது. அதே நேரத்தில் நத்தை எழுதினார், "போதும். நான் கிளம்பறேன். என் சாவியை எடுத்துக்கோங்க."

இவர் மடிக்கணினியைக் கிட்டே இழுத்துக்கொண்டார். நத்தை போனால் சுத்தியலும் நாலு நாளில் போய்விடுவார், பிறகு அறை எதற்கு, பலகை எதற்கு என்பது அவருக்குத் தெரியும். சொந்தப் பெயரில், ஒற்றை விரலால் தட்டினார். 'ரெண்டு பேரும் தண்ணி குடிச்சிட்டு வாங்க.' விரலைத் தூக்கி நிறுத்திக்கொண்டு திரும்பிப் பார்த்தார். மனைவி சரி என்றாள். மச்சினனும் சரி என்றான். அனுப்பினார்.

அறை அடங்கியது. ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம் ஒருவரும் எழுதவில்லை. பிறகு சுத்தியல் எழுதினார்.

"சித்தப்பா? நீங்கதானா?"

அவர் 'ஆமா' என்று தட்டினார். வழக்கம்போலத் திரும்பிப் பார்ப்பார் என்று மனைவி வாயைத் திறந்தாள். அவர் திரும்பவில்லை, அழுத்திவிட்டார். மச்சினனின் "சரி" அதற்குப் பிறகுதான் வந்தது.