இறக்கத்துக்குப் பிறகு எலுமிச்சம்பழம்

நியூசிலாந்தின் வெலிங்டனில் நாங்கள் குடியிருக்கும் தெருவில், பழைய கார் விற்கிறவர்கள் கண்ணாடியில் ஓர் அட்டையை ஒட்டி வீட்டு வாசலில் நிறுத்திவிடுகிறார்கள். அட்டையில் விலை இருக்கும். விலைக்குக் கீழே வண்டியின் குறைகளும் இருக்கும். சில வீடுகள் தள்ளி நின்ற ஒரு ஜப்பான் காரில், ‘பின்கதவில் துரு. ஹீட்டர் வேலை செய்யாது. குளிர்ந்த காலையில் இரண்டாம் கியர் முரண்டு பிடிக்கும்’ என்று எழுதியிருந்தது. விற்கிறவரே எழுதியது. சாலையில் நின்று இரண்டு முறை படித்தேன். புதுமையாக இருக்கிறதே என்று சிரிக்கத் தோன்றவில்லை. எரிச்சல்தான் வந்தது. ஏற்காட்டில் ஒரே ஒரு மனிதர் ஒரே ஒரு ஜீப்புக்கு இப்படி எழுதியிருந்தால், என் தங்கை கணவர் ராஜுவின் இடது முழங்கால் இன்றைக்கு முழுதாக மடங்கும்.

எங்கள் மலையில் பழைய ஜீப் வாங்குகிறவர்கள் அதை ஏற்றத்தில் ஓட்டிப் பார்ப்பார்கள். ஆட்களை நிறைய ஏற்றி, பின்னால் காப்பி மூட்டை போட்டு, திணறாமல் இழுக்கிறதா என்று கவனிப்பார்கள். இழுத்துவிட்டால் நல்ல வண்டி. மேலே சேர்ந்ததும் டீ குடிப்பார்கள், பேச்சு முடிந்துவிடும். இறக்கத்தில் ஓட்டிப் பார்த்து வாங்கிய ஒருவரை நான் கண்டதில்லை. வாழ்நாளெல்லாம் மலைமேல் இருந்துகொண்டு, வண்டி ஏறுமா என்று மட்டும் கேட்கிறோம், நிற்குமா என்று கேட்பதில்லை.

எண்பதுகளின் நடுவில், நான் இந்த நாட்டுக்கு வருவதற்குச் சற்று முன்பு, மஞ்சக்குட்டையிலிருந்து ஏற்காட்டுக்கு ஆள் ஏற்றி ஓட்டுவதற்காக ராஜு ஒரு ஜீப் தேடினார். தரகர் பழனி ஒன்றைக் கொண்டுவந்தார். எங்களை ஏற்றிக்கொண்டு நேராகச் சேர்வராயன் கோயிலுக்கு விட்டார். வண்டி உறுமிக்கொண்டு உற்சாகமாக ஏறியது. வாசலில் நிறுத்தியதும் மாலை, சந்தனம், சூடம் எல்லாம் அவர் பையிலிருந்தே வெளியே வந்தன. விலையே இன்னும் படிந்திருக்கவில்லை. முன்சக்கரத்தைக் கழற்றி பிரேக்கைப் பார்த்துவிடலாம் என்றேன்.

“ஏனுங்க சார், சாமி முன்னால நிறுத்திப்போட்டு சக்கரத்தைக் கழட்டச் சொல்றீங்க? பொண்ணை மணவறையில குந்த வெச்சுப்போட்டு, வாயைத் தொறந்து பல்லை எண்ணுவீங்களா?” என்றார் பழனி.

எல்லோரும் சிரித்தார்கள். ராஜுவும் சிரித்தார். “உடுங்க மச்சான். எலுமிச்சம்பழம் வெச்சாச்சு. இனி கொறை பேசுனா நல்லா இருக்காதுங்க” என்றார்.

சக்கரம் பழத்தை நசுக்கியது. நசுங்கிய பிறகு வண்டியைப் பற்றிக் குறை பேசுவது எங்கள் பக்கத்தில் அபசகுனம். பழனிக்கு அது தெரியும். தெரிந்துதான் பூஜையை விலைக்கு முன்னால் வைத்தார். எனக்குச் சாமிமீது கோபமில்லை. கேள்வி கேட்கிறவன் வாயை அடைக்கச் சாமியை முன்னால் நிறுத்துகிறவர்மீதுதான் கோபம். அன்று கீழே இறங்கும்போது பழனி எங்களோடு வரவில்லை. பக்கத்து ஊரான தலைச்சோலையில் வேலை இருக்கிறது என்று சொல்லி மேலேயே நின்றுவிட்டார்.

அடுத்த மழையில், ஆட்களை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பிய ராஜுவுக்கு ஒரு சரிவில் பிரேக் பிடிக்கவில்லை. ஜீப் காப்பித் தோட்டத்துக்குள் இறங்கி ஒரு சில்வர் ஓக் மரத்தில் மோதி நின்றது. ராஜுவின் முழங்கால் நொறுங்கியது. முதலில் ஓடிவந்தவர் யார் தெரியுமா? அதே பழனி. சேற்றில் இறங்கி ராஜுவைத் தோளில் தூக்கியவர் அவர்தான். சேலம் வரைக்கும் காலை மடியில் வைத்துக்கொண்டு போனதும், ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்ததும் அவர்தான். “அவரு இல்லீன்னா இவரு இல்லீங்கண்ணா” என்று என் தங்கை வசந்தா அழுதாள். அவர் இல்லையென்றால் அந்த ஜீப்பும் இல்லையே என்றேன். பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். இன்றைக்கும் பழனி வீட்டு விசேஷத்துக்கு முதல் பத்திரிகை இவர்களுக்குத்தான். தூக்கிச் சுமந்ததால் விற்ற குற்றம் கழுவப்பட்டுவிட்டது. அந்தக் கணக்கை என்னால் இன்றுவரை ஒத்துக்கொள்ள முடியவில்லை.

அட்டை ஒட்டிய காருக்கே திரும்புகிறேன். விற்பவர் பெயர் ப்ரையன், ஓய்வுபெற்றவர். முதலில் இறக்கத்தில்தான் ஓட்டுவேன், நீங்கள் பக்கத்தில் உட்கார வேண்டும் என்றேன். எனக்குச் சரிவைக் கண்டு பயம் என்று அவர் நினைத்துக்கொண்டார். “கவலைப்படாதீர்கள், என் மனைவிகூட இந்தத் தெருவில் முதல் நாள் அழுதாள்” என்று சொல்லி, வழியெல்லாம் எனக்குக் கியர் மாற்றக் கற்றுக்கொடுத்தார். ஒரு பட்டறையில் தூக்கிப் பார்க்கலாமா என்று தயங்கிக் கேட்டபோது, “பார்க்காமல் எப்படி வாங்குவீர்கள்?” என்றார். முகம் சுளிக்கவில்லை. கேள்வி அவமானமாக இல்லாத இடத்தில்தான் பழைய வண்டி வாங்க வேண்டும். இங்கே புதிதாக வந்திறங்கும் நம்மவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான்: பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், தரை விரிப்பைத் தூக்கித் துருவைப் பாருங்கள், நீண்ட இறக்கத்தில் விற்பவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டுங்கள். ஆனால் இந்த ஊரை நான் மெச்சவில்லை. நான் மரத்தில் மோதினால் ஆம்புலன்ஸ் வரும். ப்ரையன் தோளில் தூக்க வரமாட்டார். பூப்போட்ட வாழ்த்து அட்டை ஒன்று அனுப்புவார்.

சென்ற ஞாயிறு பிற்பகல், வசந்தா வந்து காத்திருக்கும் ஏற்காட்டு பஸ் ஸ்டாண்டு டெலிபோன் பூத்துக்குப் பேசினேன். அங்கே காலை. வசந்தா தயங்கித் தயங்கிச் சொன்னாள்: ராஜு இன்னொரு பழைய ஜீப் வாங்குகிறார், பூஜை இன்றைக்கே, வண்டி ஸ்டாண்டில்தான் நிற்கிறது.

“யாரு பாத்துக் குடுக்கறது?”

“கோவிச்சுக்காதீங்கண்ணா. பழனி அண்ணன்தானுங்க.”

கத்தினேன். பக்கத்து அறையிலிருந்து என் மனைவி ஓடிவந்தாள். “பழம் வெக்கறதுக்கு முன்னால அடிவாரத்துக்கு எறக்கிப் பாக்கச் சொல்லு. அந்த ஆளு பக்கத்துல குந்தோணும். மாட்டேன்னா வண்டி வேண்டாம்!”

“அங்க இருந்துக்கிட்டு சத்தம் போடறது சுலபமுங்க. அவரு மூஞ்சியில நாங்கதான முழிக்கோணும்” என்றாள். அவள் குரலிலும் கோபம் இருந்தது. ஆனாலும், சற்று நேரம் கழித்துக் கூப்பிடச் சொன்னாள்.

மறுபடி கூப்பிட்டபோது மூச்சிரைத்தாள். “சொல்லிப்போட்டனுங்க. பழனி அண்ணன் வண்டியவே நொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் ஏறிக் குந்திக்கிட்டாரு.”

“பழம்?”

“திரும்பி வந்துதான் வெக்கோணும்னு எங்கூட்டுக்காரரே சொல்லிட்டாருங்க. இந்தா, கெளம்பிட்டாங்க.”

தொலைபேசிக்குள் ஓர் இன்ஜின் உறுமி, குறைந்து, அடங்கியது. வசந்தா வேறெதையோ பேசத் தொடங்கினாள். எனக்குக் காதில் ஏறவில்லை. முதல் கொண்டை ஊசி வளைவு வந்திருக்கும். வெலிங்டன் வீட்டின் கம்பளத் தரையை என் வலது பாதம், விரல் வலிக்க, அழுத்திக்கொண்டிருந்தது.