ஒரு தேவார நேரம்

மாமாவின் காரில் முன் இருக்கை என்னுடையது என்று யாரும் எழுதித் தந்திருக்கவில்லை. ஆனால் நினைவு தெரிந்த நாள் முதல் அதில் நான்தான் இருந்து வந்தேன். மாமா என் அம்மாவின் தம்பி. பக்கத்து வளவில் குடியிருந்தார். வாடகைக்கு ஓடும் அவருடைய பழைய கார் உடுப்பிட்டிச் சந்தியில் திரும்பும்போது ஹோர்ன் அடிப்பது என் வேலை. வேறு யாராவது அதைத் தொட்டால் கார் நின்றுவிடும் என்றே நம்பியிருந்தேன்.

எனக்குப் பத்து வயதானபோது மாமா கல்யாணம் செய்தார். மாமி பின் இருக்கையில் அடக்கமாக இருந்ததால் அவரை மன்னித்துவிட்டேன். அடுத்த வருடம் சண்டையால் மயிலிட்டிச் சனங்கள் இடம்பெயர்ந்து வந்தபோது மாமியின் தாயும் தங்கையும் மாமா வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். தங்கைக்கு என் வயதுதான். வந்த மூன்றாம் நாள் கார் எங்கள் வீட்டுப் படலையைத் தாண்டிப் போகையில் பார்க்கிறேன், என் இடத்தில் அவள் இருக்கிறாள். என்னைக் கண்டதும் கையும் காட்டினாள்.

அவளுக்குத் தலை நிறையப் பேன் என்று அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா என்னைப் பிடித்து இருத்தி என் தலையைப் பார்த்தார். பேன் என் தலையில்தான் இருந்தது. அதற்கும் அவளே காரணம் என்று முடிவு செய்தேன். அவள் ஹோர்னைத் தொடுவதேயில்லை என்று மாமா ஒருநாள் சொன்னார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது. கிடைத்த பாக்கியத்தின் அருமை தெரியாதவள்.

அது அரசாங்கம் எங்கள் பக்கத்துக்குப் பெற்றோலைத் தடைசெய்திருந்த காலம். குடாநாட்டுக் கார்கள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் பொன்போலப் பாதுகாத்த பெற்றோலில் இரண்டு சொட்டு விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கார் போய்க் கனநேரத்துக்குப் பிறகும் அது போன வழி புகையில் தெரியும்.

அந்தப் புகைக்குச் சட்டம் போட்டவர் என் பெரியப்பா. அவர்தான் எங்கள் கோயில் தர்மகர்த்தா. எங்கெங்கோ அலைந்து சுண்ணாம்பு தேடி அவர் வெள்ளையடிப்பித்த மதிலை, ஒரு கல்யாணத்துக்கு வந்த நாலு கார்கள் ஒரே முகூர்த்தத்தில் அடுப்படிச் சுவராக்கிவிட்டுப் போயின. மறுநாளே சட்டம் பிறந்தது. மதிலோரமாகக் கோயிலுக்குப் போகும் ஒழுங்கைக்குள் வரும் எந்த வாகனமும் ஒழுங்கை முகப்பில் நின்று சோதனை கொடுக்க வேண்டும். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க, புகைக்குழாய்க்கு ஒரு முழம் பின்னால் வெள்ளைத் துண்டு பிடிக்கப்படும். துண்டு கறுத்தால் வாகனம் வெளியிலேயே நிற்கும். ஆட்கள் நடந்து போகலாம்.

எவ்வளவு நேரம் பிடிப்பது என்பதில்தான் சிக்கல் வந்தது. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள். பெரியப்பாவின் கைக்கடிகாரம் எட்டேகாலில் நின்று பல மாதங்கள். மரியாதைக்காகக் கட்டிக்கொண்டு திரிந்தார். சாவி கொடுக்கும் மணிக்கூடு வைத்திருந்தவர்கள் ஆளுக்கொரு நேரம் சொன்னார்கள். கடைசியில் ஒரு தேவாரம் பாடி முடியுமட்டும் என்று தீர்ப்பாயிற்று. பாடுவது நான். சைவ வகுப்பில் பண்ணிசைக்கு முதற்பரிசு வாங்கியவள், போதாததற்குத் தர்மகர்த்தாவின் பெறாமகள். மூன்று மாதத்தில் ஒரு காரும் என்னிடம் தேறவில்லை. பெரும்பாலும் முதல் வரியிலேயே விழுந்தன.

மாமா மட்டும் விடவில்லை. மாமியின் தாய் ஊரை விட்டு வரும் வழியில் விழுந்ததில் முழங்கால் முறிந்திருந்தது. முறிவு வைத்தியரிடம் மாதக்கணக்காகப் போய் வந்ததில் எலும்பு பொருந்திற்று, கால் மடியவில்லை. கோயிலுக்குப் போகலாம் என்ற நிலை வந்தபோது சட்டமும் வந்துவிட்டது. மயிலிட்டியில் ஒரு வெள்ளிக்கிழமையும் கோயிலுக்குப் போகாமல் இருந்ததில்லையாம். இங்கே வந்து ஒரு வருடமாகக் கோபுரத்தைக்கூடக் காணவில்லை. மாட்டுவண்டியின் குலுக்கத்தைக் கால் தாங்காது. கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று பெரியப்பா சொல்லியனுப்பினார். "நாலுபேர் தூக்கிக்கொண்டு போக நான் என்ன சாமியே?" என்று அந்த மனுசி மறுத்துவிட்டார். மருமகன் பார்த்துக்கொண்டு நிற்க அப்படிப் போவதைவிட அவருக்கு வீடே மேல்.

மாமா காருக்குக் கீழே படுத்தே ஒரு கிழமையைப் போக்கினார். இயந்திரத்திலிருந்து புகை வெளியேறும் இடத்தில் செப்புக் குழாயைச் சுற்றி, மண்ணெண்ணெய் அதனூடாகச் சூடேறிப் போகச் செய்தார். பாதிப் புகை அதோடு அடங்கிற்று. மீதிக்கு, பெரிய தகரப் பால்மாப் பேணி ஒன்றை ஆணியால் துளைத்து, நனைத்த தென்னந்தும்பை உள்ளே அடைத்து, புகைக்குழாயின் வாயில் கட்டுக்கம்பியால் பூட்டினார். ஈரத்தும்பு கரியைப் பிடித்துக்கொண்டது. ஆனால் சூட்டில் தும்பு காய்ந்ததும் பேணி பிடித்த கரியையும் சேர்த்துக் கக்கும். அதனால் சோதனை முடிந்ததும் மாற்றுவதற்கு இன்னொரு பேணி ஈரத்தும்போடு தயாராக இருந்தது. மதிலைக் கறுப்பாக்கும் எண்ணம் அவருக்கு இல்லை.

வியாழக்கிழமை பின்னேரம் என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, நாளைக்கு எப்பிடிப் பாடுவியோ அப்பிடியே பாடு."

பாடினேன். மாமா தானே துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பாடி முடித்தபோது துண்டு வெள்ளையாகவே இருந்தது. அதற்குப் பிறகு இரண்டு மூச்சு விட்டிருப்பேன், நரைக்கத் தொடங்கியது. மாமா சிரித்த சிரிப்பில் பல்லெல்லாம் தெரிந்தது.

"உன்ரை தேவாரத்துக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு!"

எனக்கு உச்சி குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி மாமியின் தங்கை தும்பு வாளியோடு வரும்வரைதான் நிலைத்தது. தும்பு நனைத்தவள் அவளாம். மாமா அவள் தலையைத் தடவினார். என் தலையைத் தடவவில்லை.

"நாளைக்கு நான் முன்னுக்கு இருக்கட்டோ, மாமா?" என்று கேட்டேன்.

"நீ ஒழுங்கை முகப்பிலை நிக்கவேணுமெல்லே. அதோடை காரிலை இடமுமில்லை, பிள்ளை."

அன்று எனக்குப் பிட்டு இறங்கவில்லை. அவளுக்கு இருக்க இடம் இருக்கிறது, எனக்கு இல்லை. பாடுவதற்கு மட்டும் நான் வேண்டும். பொறாமை என்ற சொல்லை நான் அறிந்திருந்தேன். ஆனால் அது மற்றவர்களுக்கு வருகிற ஒன்று என்று எண்ணியிருந்தேன். எனக்கு இருந்தது நியாயம் மட்டுமே.

வெள்ளிக்கிழமை காலையில் மாமாவின் கார் ஒழுங்கை முகப்பில் வந்து நின்றது. மாமா இறங்கி ஈரத்தும்புப் பேணியைப் பூட்டினார். முன்னால் அவள், பட்டுப்பாவாடையோடு. பின்னால் கதவோரம் ஒடுங்கிக்கொண்டு மாமி. மாமியின் தாய் மற்றக் கதவில் முதுகைச் சாய்த்து, மடியாத காலை இருக்கை நீளத்துக்கு நீட்டி, மகளின் மடியில் வைத்திருந்தார். எல்லாவற்றையும் பார்த்தேன். என் கண்ணில் நின்றது பட்டுப்பாவாடைதான்.

பெரியப்பா துண்டைப் பிடித்தார். எனக்குத் தலையசைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

முதல் வரியை ஓதுவார்கள் செய்வதுபோல இரண்டு தரம் பாடினேன். இரண்டாவது தரம் மேலே ஏறி நின்று, இறங்க மனமில்லாதவளாக அங்கேயே சஞ்சரித்தேன். இரண்டாம் வரிக்கு முன் நீளமாக மூச்சு எடுத்தேன். சொல்லுக்குச் சொல் உருகினேன். அப்படி நான் அதற்கு முன்னும் பாடியதில்லை, பின்னும் பாடியதில்லை. பெரியப்பாவின் மூடிய கண்ணில் நீர் கசிந்தது. தேவாரத்தை ஆறுதலாகப் பாடுகிற பிள்ளையை எந்தச் சைவன் நிறுத்தச் சொல்வான்? மாமா பேணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் பேணியைப் பார்த்தார். மூன்றாம் வரியின் நடுவில் துண்டில் சாம்பல் நிறம் படிந்தது. நாலாம் வரி முடிவதற்குள் அப்பம் அளவுக்குக் கறுத்துவிட்டது.

பெரியப்பா கண்ணைத் திறந்து துண்டைப் பார்த்தார். அவருக்கும் மனமில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"சட்டம் எண்டால் எல்லாருக்கும் ஒண்டுதானே, தம்பி."

"ஓம் அண்ணை," என்று மாமா இயந்திரத்தை நிற்பாட்டினார்.

மாமியின் தாய்க்காக அர்ச்சனை செய்யவென்று மாமாவும் மாமியும் தங்கையும் ஒழுங்கையால் நடந்து போனார்கள். பெரியப்பாவும் போய்விட்டார். முன் இருக்கை வெறுமையாகக் கிடந்தது. நான் கதவைத் திறந்து ஏறி இருந்தேன். இருக்கை அதே சூட்டோடு, அதே மண்ணெண்ணெய் மணத்தோடு இருந்தது. எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது.

பின்னால் இருந்து குரல் வந்தது.

"நீயே மோனை பாடினது?"

"ஓம்," என்றேன் திரும்பாமலே. "எனக்குத்தான் முதற்பரிசு."

"இப்பிடி ஆறுதலா ஒருத்தரும் பாடி நான் கேட்டதில்லை. ஊரை விட்டு வந்த பிறகு இண்டைக்குத்தான் கோயில் வாசல்லை நிண்டமாதிரி இருந்தது. இன்னொருக்காப் பாடுவியே?"

கேட்டால் பாடுகிற பிள்ளை நான். பாடினேன். ஆனால் இப்போது இழுக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை. ஹோர்னில் ஒரு கையை வைத்துக்கொண்டு வழமைபோலப் பாடி முடித்தேன். திரும்பிப் பார்த்தபோது அந்த மனுசி கைகூப்பிக் கண்ணை மூடியிருந்தார். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுக் கண்ணைத் திறந்தார்.

"முடிஞ்சுதோ?"

"ஓம். இவ்வளவுதான்."

அப்போதுதான் கண்டேன், மாமா கோயிலிலிருந்து தனியாகத் திரும்பி வந்து, வாழையிலைத் துண்டில் திருநீற்றோடு காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. முதல் வரியிலிருந்தே நின்றிருக்கக் கூடும். இலையை மாமியாருக்கு எட்டுமாறு இருக்கையில் வைத்தார். பிறகு என்னை நெடுநேரம் பார்த்தார். இறங்கு என்று சொல்வார் என எதிர்பார்த்தேன், சொல்லவில்லை. இலையிலிருந்து கொஞ்சம் திருநீறு கிள்ளி என் நெற்றியில் பூசிவிட்டு, பின்னால் போய்ப் பேணியைக் கழற்றத் தொடங்கினார்.

என் பாட்டு அவருக்கும் பிடித்துவிட்டது என்று எண்ணிக்கொண்டு, நான் ஒருதரம் ஹோர்ன் அடித்தேன்.