கசப்பைச் சொல்லாத நாக்கு

குளியலறைக்குள்ளிருந்து மறுபடியும் அந்தச் சத்தம் கேட்டது. அடிவயிற்றைப் பிடுங்கி வெளியே எறிவது போன்ற ஓங்கரிப்பு. அதை மறைப்பதற்கென்றே திறந்துவிட்டது போல, வாளியில் தண்ணீர் விழும் சத்தம்.

தையல்காரி மிஷின் மிதியிலிருந்து காலை எடுத்தாள். ஊசி துணிக்குள் பாதி இறங்கி நின்றது.

"ஏங்க, என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்லம்மா. பித்தம். நேத்து வெயில்ல நின்னதுதான்." கதவுக்கு அந்தப் பக்கமிருந்து வந்த குரலில் கொஞ்சம் சிரிப்பும் ஒட்டிக்கொண்டிருந்தது. "நீ தைம்மா. பொண்ணு வீட்டுக்காரங்க ரவிக்கைக்கு வந்து நிக்கப் போறாங்க."

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள உயரமான கட்டடங்களையெல்லாம் ஏறி இறங்கியவர். நேற்று வேலை செய்தது ஓர் ஆஸ்பத்திரியில், தரைக்குக் கீழே இருக்கும் தளத்தில். அங்கே வெயில் எங்கிருந்து வந்தது? அந்தக் கேள்வி அவள் மனதில் எட்டிப் பார்த்தது. ஆனால் அவர் சொன்னதை நம்பியே பழகியவள் அவள். நம்பாமல் அவளுக்கு வேறு வழியும் இல்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் வந்த ஒரு காய்ச்சல் அவளுடைய நாக்கைக் கொண்டுபோய்விட்டது. நாக்கு இருந்தது, ருசி போய்விட்டது. உப்பும் சர்க்கரையும் அவளுக்கு ஒன்றாகிப் போயின. எதைத் தின்றாலும் பஞ்சை மென்ற மாதிரி. அன்றிலிருந்து அவர்தான் அவளுக்கு நாக்கு. அடுப்பிலிருந்து ஒரு கரண்டி எடுத்து நீட்டுவாள். "எப்படி இருக்கு?" அவர் கண்ணை மூடிக்கொண்டு, "அமிர்தம்" என்பார். ஒருநாள் உப்பு என்று நினைத்துச் சர்க்கரையை அள்ளிப் போட்டுவிட்டாள். "இது புது மாதிரி இருக்கே" என்று தட்டை வழித்துத் தின்றவர் அவர். விஷயம் தெரிந்தபோது அவள் சிரித்தாள், பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று பெருமைப்பட்டாள். அன்பு நல்லதை மட்டும்தான் செய்யும் என்று பேதை மனம் அன்று நினைத்துக்கொண்டது.

ருசி போனவளுக்குச் சமையலறை கசந்தது. அந்தக் காலத்தில்தான் மொட்டை மாடிக்குப் போனாள். போனில் வீடியோ பார்த்துப் பார்த்துப் பழைய பெயின்ட் வாளிகளில் செடி வைத்தாள். புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் செய்யும் தப்புகளில் ஒன்றையும் அவள் விட்டுவைக்கவில்லை. வாளிக்கு அடியில் ஓட்டை போட மறந்தாள். தக்காளி வேரழுகிச் செத்தது. கீரை விதையை ஒரு கைப்பிடி மொத்தமாகக் கொட்டினாள். முளைத்த நாற்றெல்லாம் ஒன்றை ஒன்று நெருக்கி மடிந்தது. ஒவ்வொரு வாளியைக் கவிழ்க்கும்போதும் வீட்டில் ஓர் இழவு விழுந்த மாதிரி உட்கார்ந்துவிடுவாள்.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதும்பாங்க. எங்க அண்ணிது போன் சுரைக்காய்" என்று நாத்தனார் கிண்டல் செய்தாள். அவள் தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். வாய் சும்மா இருக்காது.

அந்த ரோஷத்தில்தான் தையல்காரி நிஜமாகவே சுரை விதை வாங்கி ஊன்றினாள். சென்ற ஆண்டு அது காய்த்தது. ஒரு காயைக் கொடியிலேயே முற்றவிட்டு, உடைத்து, விதையைக் காயவைத்து எடுத்துக்கொண்டாள். சொந்த விதை! அந்தச் சந்தோஷத்தில் ஒன்றை மட்டும் அவள் யோசிக்கவில்லை. எதிர் மாடியில் யாரோ அழகுக்காக ஒரு குட்டிச் சுரைக்கொடி விட்டிருந்தார்கள். பொம்மை போல் காய்க்கும், தின்ன ஆகாது. மாலை மங்கும்போது இரண்டு மாடியிலும் வெள்ளைப் பூக்கள் ஒன்றாக விரியும். அந்துப்பூச்சிகள் அங்கே ஒரு பூ, இங்கே ஒரு பூ என்று உட்கார்ந்து எழுந்தன. அழகாக இருக்கிறதே என்று அவள் போட்டோகூட எடுத்தாள். அந்தப் பூச்சிகள் காலில் சுமந்து வந்த மகரந்தத்தின் குணம் சென்ற ஆண்டுக் காயில் தெரியவில்லை. விதைக்குள் போய்ப் படுத்துக்கொண்டு, அடுத்த ஆண்டுக்காகக் காத்திருந்தது.

இந்த ஆண்டுக் கொடி பேய் மாதிரி ஓடியது. இன்று காலை அதன் முதல் காயை அறுத்தாள். பாதியை நாத்தனாருக்குக் கொடுத்தனுப்பினாள். மீதியை மிக்ஸியில் அடித்து வடிகட்டினாள். அவருக்கு இருக்கும் ரத்தக்கொதிப்புக்குச் சுரைச்சாறு நல்லது என்று போனில் பார்த்திருந்தாள். டம்ளரை அவரிடம் நீட்டிவிட்டு, பரீட்சை எழுதிய பிள்ளை போல எதிரே நின்றாள்.

அவர் ஒரு வாய் குடித்தார். கண்கள் மூடின. தொண்டை ஒரு கணம் அசையாமல் நின்றது.

"எப்படிங்க?"

"தேன் மாதிரி இருக்கும்மா" என்றார். டம்ளரைக் கவிழ்த்துக் குடித்தார். அவள் பூரித்துப் போய் இன்னொரு டம்ளர் ஊற்றினாள். அதையும் குடித்தார்.

இப்போது காலிங்பெல் அடித்தது. கதவைத் திறந்தால் நாத்தனார், கையில் ஒரு பாத்திரத்தோடு.

"இந்தாங்க அண்ணி உங்க பொக்கிஷம்! என்மேல கோபம்னா நேரா சொல்லியிருக்கலாமே? இப்படி ஊமைக் கொலையா பண்ணுவாங்க?"

"என்னடி உளர்ற?"

"தோலைச் சீவிட்டு ஓரத்துல ஒரு துண்டு கடிச்சேன். அப்பப்பா! துப்பித் துப்பி வாயே வறண்டு போச்சு. பாகற்காயெல்லாம் இதுகிட்ட வந்து பாடம் படிக்கணும்."

தையல்காரியின் கை கதவுப்பிடியில் இறுகியது. "கசந்துச்சா? உங்க அண்ணன் தேன்னு சொன்னாரே..."

நாத்தனாரின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே உதிர்ந்தது. "அண்ணன் சாப்பிட்டாரா?"

பதிலுக்குக் குளியலறையிலிருந்து ஓங்கரிப்பு வந்தது.

நாத்தனார் பாத்திரத்தைத் தரையில் வைத்துவிட்டு, கடைக்கு மேலேயுள்ள கிளினிக் டாக்டருக்குப் போன் போட்டாள். எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தாள்.

"கசப்புச் சுரைக்காயா? சாறா?" டாக்டரின் குரல் சட்டென்று மாறியது. "விளையாட்டு இல்லம்மா, அது விஷம். எவ்வளவு குடிச்சார்? வாந்தியில ரத்தம் இருக்கா? இருந்தா என்கிட்ட வந்து நேரத்தை வீணாக்காதீங்க. நேரா பெரிய ஆஸ்பத்திரி."

குளியலறைக் கதவு திறந்தது. நிலையைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். வெளுத்த துணி மாதிரி இருந்தது முகம். சட்டையின் முன்பக்கம் முழுவதையும் நனைத்துக் கழுவியிருந்தார்.

"எதுக்கு இந்த ஆர்ப்பாட்டம்? ஒரு வாய்தான் குடிச்சேன். மீதியைக் கொட்டிட்டேன். ரத்தமெல்லாம் ஒண்ணும் இல்ல. படுத்தா சரியாயிடும்."

"அண்ணா, மறைக்காம சொல்லு."

"ஏய் வாயாடி, நீ போய்க் கடையைப் பாரு."

டாக்டர் போனில் காத்திருந்தார். தையல்காரி கணவரின் முகத்தைப் பார்த்தாள். அதே சிரிப்பு. சர்க்கரை போட்ட குழம்பைத் தின்றபோது இருந்த சிரிப்பு. அவர் குடித்ததை இரண்டு கண்ணால் பார்த்தவள் அவள். அவளிடமே, அவளுக்காகவே, இந்தப் பொய்! சமையலறைக்குள் போனாள். ஜாடியில் மிச்சமிருந்த சாற்றை டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்து அவர் எதிரே நின்றாள்.

"என்ன பண்றே?"

"தேன்னு சொன்னீங்களே. நானும் குடிக்கிறேன். எனக்கென்ன, கசந்தாலும் தெரியாது. நாக்குதான் செத்துப்போச்சே."

டம்ளர் உதட்டைத் தொட்டது.

"குடிக்காதே!"

நிற்கவே முடியாமல் இருந்த மனிதர் பாய்ந்து வந்து தட்டிவிட்டார். டம்ளர் உருண்டது. வெட்டி வைத்திருந்த ரவிக்கைத் துணிகள் மேல் பச்சைச் சாறு பரவியது.

"விஷம்டி அது!" என்று கத்திக்கொண்டே அவர் மடங்கி உட்கார்ந்தார். "முதல் வாயிலேயே கசப்பு தெரிஞ்சுபோச்சு. நீ அப்படிப் பார்த்துக்கிட்டு நின்னே... எப்படிச் சொல்றது? மருந்து கசக்கத்தானே செய்யும்னு குடிச்சுட்டேன். ரெண்டு டம்ளரும். ரத்தம் வருதும்மா. அப்ப இருந்து வந்துக்கிட்டே இருக்கு."

"உடனே கிளம்புங்க!" என்றது போன். "பிரஷர் இறங்கிடும். நிக்க விடாதீங்க. படுக்கவெச்சு, வாந்தி வந்தா ஒருக்களிச்சுப் புரட்டுங்க. காயை ஒரு துண்டு கையில எடுத்துட்டுப் போங்க."

"நான் கடை வேனை வாசலுக்குக் கொண்டு வர்றேன் அண்ணி. பக்கத்து வீட்டு அண்ணன்களைக் கையோட கூட்டிட்டு வர்றேன், தூக்கணும்." நாத்தனாரின் குரல் உடைந்திருந்தது. ஆனாலும் சாவியைத் தேடி எடுத்துவிட்டாள்.

தையல்காரி அவரைத் தரையில் சாய்த்தாள். தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். அவர் கை ஈரத்துணி போலக் குளிர்ந்திருந்தது.

"வலிக்குதாங்க?"

"வலிக்குது."

இத்தனை வருடத்தில் இந்த ஒரு சொல்லை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை.

"கண்ணு இருட்டுதும்மா. நீ சரியாத் தெரியல."

"நிஜமாவா?"

"நிஜமா."

ஐயோ, இதுவும் ஒரு பொய்யாக இருக்கக் கூடாதா என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. குனிந்து அவர் கண்களைப் பார்த்தாள். அவை அவளைத் தாண்டி எங்கோ பார்த்துக்கொண்டிருந்தன.

"விடாம பேசிக்கிட்டே இருங்க அண்ணி, தூங்க விடாதீங்க!" என்று சொல்லியபடி நாத்தனார் செருப்பைக்கூட மாட்டாமல் படிக்கட்டுக்கு ஓடினாள். அவள் இழுத்துவிட்டுப் போன கதவு, அவர்கள் இருவரையும் உள்ளே வைத்துச் சாத்திக்கொண்டது.