சென்ட்ரல் வண்டியில் யானை

கல்யாணத்துக்கு முதல் நாள், மாப்பிள்ளை அழைப்பில் பேண்டு செட் முழங்கியபோது கூட்டாளிகள் திருமுருகனைக் காரிலிருந்து இறக்கப் பார்த்தார்கள். “ரெண்டு ஸ்டெப்பு போடு மச்சான்” என்று கெஞ்சினார்கள். அவன் கதவை உள்பக்கம் பூட்டிக்கொண்டு, மண்டபம் வரும்வரை தலை குனிந்தே உட்கார்ந்திருந்தான். நாலு பேர் தன்னைப் பார்க்கிறார்கள் என்றால் கைகால் மரத்துப்போகிற சுபாவம் அவனுக்கு.

கொரட்டூரில் வீடு. அம்பத்தூர் எஸ்டேட் என்கிற தொழிற்பேட்டையில், தண்ணீர்த் தொட்டி செய்கிற கம்பெனியின் கிடங்கில் பாரம் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டினான். நல்ல உயரம், நல்ல உடம்பு. இரண்டு வருஷத்துக்கு முன்பு, கண் தானத்துக்காக மெரினாவில் நடைப்பயணம் ஒன்று நடந்தது. அவர்கள் கம்பெனிக்கு யானைதான் சின்னம் என்பதால், யானை வேஷம் போட வெளியிலிருந்து ஓர் ஆளைப் பேசி வைத்திருந்தார்கள். அந்த ஆளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. நிகழ்ச்சிகளைக் கவனிக்கும் நிஷா கிடங்குக்கு ஓடிவந்து, இருந்தவர்களில் உயரமானவனைத் தேடினாள். கோவைப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்து இங்கே பிளாட்டில் குடியிருக்கும் பெண்.

“உள்ள இருக்கறது யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாதுங்ண்ணா” என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவன் ஒப்புக்கொண்டான்.

மெரினாவில் அந்த ஸ்பாஞ்சு உடம்புக்குள் நுழைந்து தலையை மாட்டியதும் என்ன நடந்தது என்பதை அவனால் மனைவி சுலோசனாவுக்குச் சரியாகச் சொல்ல முடியவில்லை. பாட்டுப் போட்டார்கள், குழந்தைகள் தும்பிக்கையைப் பிடித்து இழுத்தார்கள், இடுப்பு தானாக வளைந்தது. “நான் ஆடல சுலோ. அதுவா ஆடிச்சு” என்றான். சுலோசனா நம்பாமல் சிரித்தாள்.

அதன்பிறகு கம்பெனி அவனை விடவில்லை. வேலப்பன்சாவடிக் கல்லூரி ஒன்றில் சிறுநீரகப் பாதுகாப்பு முகாம், நந்தம்பாக்கத்தில் தொழில் கண்காட்சி, ஆழ்வார்ப்பேட்டையில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான இசை விழா என்று யானை போகாத இடமில்லை. வாட்ச்மேன் உள்ளே விடாத இடங்களுக்கெல்லாம் அவன் சிவப்புக் கம்பளத்தில் நடந்து போனான். டாக்டர்கள், தொழிலதிபர்கள், டிவியில் வருகிற முகங்கள் எல்லாரும் அவன் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். ராத்திரி வீட்டுக்கு வந்து, எந்த ஓட்டலில் எப்படிப்பட்ட சரவிளக்கு தொங்கியது, யார் மேடையில் பேசும்போது சபை தூங்கியது என்றெல்லாம் சொல்லுவான். சுலோசனா அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்பாள். தெருவில் மட்டும் மூச்சு விடக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தான்.

போன சனிக்கிழமைதான் எல்லாம் வெளியே வந்தது.

அன்று மதியம் எஸ்டேட்டிலேயே ரத்த தான முகாம். சாயங்காலம் சென்ட்ரல் பக்கத்தில், பூந்தமல்லி நெடுஞ்சாலையிலுள்ள ஒரு பெரிய ஓட்டலில், இதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட குழந்தைகளுக்காக நிதி திரட்டும் விருந்து. முகாம் முடிந்து தலையைக் கழற்றிவிட்டான். உடம்பைக் கழற்ற முடியவில்லை. முதுகிலிருந்த ஜிப் பாதியில் துணியைக் கடித்துக்கொண்டு நின்றது. நிஷா இழுத்தாள். கிடங்குக்காரர்கள் இழுத்தார்கள்.

“ஜிப்பு மாட்டிகினு கீது மேடம். இன்னும் இழுத்தா கிழிஞ்சிரும்” என்றான் திருமுருகன்.

“அப்படியே போயிரலாங்ண்ணா. அங்க போயும் இதைத்தானே போடணும்?” என்றாள் நிஷா.

அவர்களை ஏற்றிப் போக வேண்டிய வேன் பாடி மேம்பாலத்தருகே நெரிசலில் சிக்கிக்கொண்டது. ஆட்டோவைக் கூப்பிட்டார்கள். யானை வயிறு ஆட்டோவுக்குள் நுழையவில்லை. பின்பக்கமாகத் திரும்பி நுழைந்து பார்த்தான், அதுவும் நடக்கவில்லை. டிரைவர் இறங்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “யானைக்கு லாரி வெக்கணும் நைனா” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

நிஷா போனில் மணி பார்த்தாள். “டிரெயின்ல போனா நேரத்துக்குப் போயிரலாம்.”

திருமுருகன் யானைத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தலையை மாட்டிக்கொண்டால் ரயில்பெட்டியின் வாசலில் நுழைய முடியாது. படியும் கண்ணுக்குத் தெரியாது. கழுத்துக்குக் கீழே யானையாகவும் மேலே திருமுருகனாகவும்தான் போயாக வேண்டும். அங்கே விருந்தில் குழந்தைகள் யானைக்காகக் காத்திருப்பார்கள் என்று நிஷா சொன்னதால் நடந்தான்.

அம்பத்தூர் ஸ்டேஷனில் கூடைக்காரர்கள் ஏறுகிற பெட்டியில் ஏறினார்கள். யானைத் தலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிஷா ஓரமாக நின்றாள். பூக்கூடைகளுக்கு நடுவே அவன் சுவரைப் பார்த்து நின்றுகொண்டான். பெட்டி முழுக்க அவனைத்தான் பார்த்தது. காதுமடல் சுட்டது. கொரட்டூர் வந்தது. யாரும் ஏறிவிடக்கூடாதே என்று அவன் நினைத்து முடிப்பதற்குள், அவன் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் சுப்பராயன் வெள்ளை வேட்டி சட்டையோடு ஏறினார். பெரம்பூரில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போகிறவர்.

“திருமுருகனா நீ? இன்னாடா இது கோலம்?”

“கம்பெனி வேலை அண்ணாத்தே” என்றான் அவன் சுவரைப் பார்த்தபடியே.

நிஷா சுருக்கமாக விஷயத்தைச் சொன்னாள். சுப்பராயன் வாயில் கை வைத்துக்கொண்டார். “நெசமாவா? இவன் கண்ணாலத்துக்கு முந்தின நாளே கார்லேர்ந்து எறங்க மாட்டேன்னுட்டான்மா. இவனா ஆட்றான்?”

கதவோரத்தில் நின்றிருந்த கல்லூரிப் பையன்கள் இதைக் கேட்டார்கள். ஒருவன் பெட்டியின் தகரச் சுவரில் விரல்களால் தட்டத் தொடங்கினான். இன்னொருவன் அந்த நிமிஷமே கட்டிய கானாவை எடுத்துவிட்டான். அம்பத்தூர் யானை டிக்கெட் எடுத்ததா, அதற்கு அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்று போனது பாட்டு. பூக்கூடைக்காரம்மா முதலில் சிரித்தாள்; பிறகு கை தட்டினாள்.

“ஆடேன்பா, இன்னா இப்ப?” என்றாள்.

திருமுருகன் மாட்டேன் என்று தலையாட்டினான். ஆனால் வில்லிவாக்கம் தாண்டியதும் கால் பேச்சைக் கேட்கவில்லை. முதலில் குதிகால். அப்புறம் முட்டி. யானை வயிறு லேசாகக் குலுங்கியதைப் பார்த்துப் பையன்கள் தாளத்தைத் தூக்கிக் கொடுத்தார்கள். அவன் சுவரை விட்டுத் திரும்பினான். இத்தனை நாளும் தும்பிக்கை ஓட்டை வழியாகத்தான் ஜனங்களைப் பார்த்திருந்தான். இப்போது ஒவ்வொரு முகமும் பக்கத்தில் தெரிந்தது, எல்லாம் சிரித்துக்கொண்டிருந்தது. அவனும் சிரித்தான். ஸ்பாஞ்சுக் கைகளைத் தூக்கி, கூடைகளுக்கு நடுவே கிடைத்த இடத்தில் ஒரு முழுச்சுற்றுச் சுற்றினான். பெட்டி அதிர்ந்தது. பெரம்பூரில் இறங்க வேண்டிய சுப்பராயன் கைபேசியைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தபடியே சென்ட்ரல் வரை வந்துவிட்டார்.

சென்ட்ரல் வாசலில் போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒரு கணம் திகைத்தார். பிறகு கையை உயர்த்தி மூன்று பஸ்களை நிறுத்தி, யானையை நெடுஞ்சாலை கடக்க விட்டார். நிஷாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

விருந்து மண்டபத்தில் தலையை மாட்டிக்கொண்டு, சொன்ன நேரத்துக்கு மேடை ஏறினான். குழந்தைகள் கூவினார்கள். முன்வரிசையில் மஞ்சள் கவுன் போட்ட ஒரு குட்டிப்பெண் மட்டும் அலறி, அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். குழந்தைகள் முன்னால் தலையைக் கழற்றவே கூடாது என்பது கம்பெனியின் கண்டிப்பான விதி. திருமுருகன் மேடையோரத்தில் மண்டியிட்டுத் தலையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தான். வியர்வை வழிந்த முகத்தோடு, “நான் மாமா பாப்பா. யானை இல்ல” என்றான்.

அவள் ஒரு கண்ணால் பார்த்தாள். இன்னொரு கண்ணும் வெளியே வந்தது. பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவன் எழுந்தான். அத்தனை சரவிளக்கு வெளிச்சமும் முகத்தில் விழ, தலையில்லாத யானையாக ஆடினான். குழந்தைகள் மேடைக்கு ஏறி வந்துவிட்டார்கள். அவர்கள் பின்னால் அப்பா அம்மாக்களும், கோட்டுப் போட்ட டாக்டர் ஒருவரும் வந்தார்கள். பேச வேண்டிய சிறப்பு விருந்தினர் தன் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கை தட்டினார். விதியைப் பற்றி யாரும் பேசவில்லை. விருந்து முடிந்தபின் ஓட்டலின் தையல்காரர் கத்தரியால் முதுகை வெட்டி அவனை வெளியே எடுத்தார்.

வீட்டுக்குத் திரும்பியபோது சுலோசனா வாசலிலேயே நின்றிருந்தாள். சுப்பராயன் தெருவுக்கே படத்தை அனுப்பியிருந்தார்.

“நான் யாராண்டயும் சொல்லல” என்றாள் முதலில். பிறகு அவன் முகத்தைப் பார்த்து, “அய, உனுக்குக் கோவமே இல்லியா?” என்றாள்.

“அட்த்த ஞாயித்துக்கெயம ஆவடில ஓட்டப் பந்தயம். புத்துநோய் ஆஸ்பத்திரிக்கு நிதி. குடும்பத்தோட வர்லாம்னு மேடம் சொல்லிச்சு” என்றான் அவன், செருப்பைக் கழற்றியபடி.

“வெடியக்காலைலயா?”

“வெடியக்காலைலதான்.”

சுலோசனா உள்ளே போய் பீரோவைத் திறக்கிற சத்தம் கேட்டது. “ஓட்டத்துக்குப் பொடவ கட்டிகினு வர்லாமா, இல்ல சுடிதாரா?” என்று அங்கிருந்தே கேட்டாள்.