ஐந்தாவது தனிமொழி

வீட்டுக்குப் போக விடுங்கள் என்று கெஞ்சிய ஒரு மனிதரை, அந்த ஆண்டு நான் பார்த்த மிகச் சிறந்த நடிகர் என்று பாளையங்கோட்டையில் மேடையேறிப் பாராட்டியவன் நான். பதினேழு நிமிடம் பாராட்டினேன். நடுவில் ஓடிவிடக் கூடாதே என்று அவர் கையையும் பிடித்துக்கொண்டேன்.

ஒருவன் இந்த நிலைக்கு ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. மாதம் ஒரு ஞாயிறு, வாடகைக்கு எடுத்த சிறிய அரங்கில், இக்கால நாடகாசிரியர்களின் குறுநாடகங்களையும் தனிமொழிகளையும் நடத்தும் குழு ஒன்று எங்கள் ஊரில் இருக்கிறது. நாடகம் பத்து நிமிடம். பொன்னாடை, பாராட்டுரை, ஏற்புரை என்று அதிலிருந்து மீண்டு வர அரை மணி நேரம். பாராட்டுரைக்கு நிரந்தரமாக ஒரு ஆள் தேவைப்பட்டது. நான் கொஞ்சம் படித்திருந்தேன், ஞாயிற்றுக்கிழமை வேறு சோலியும் இல்லை. பிடித்துப் போட்டுவிட்டார்கள்.

அங்கே இரண்டு வருடத்தில் என்னவெல்லாமோ பார்த்தேன். ஒருவர் ஹேங்கரில் தொங்கிய சட்டையிடம் தன் அப்பாவைப் பற்றி விசாரித்தார். இன்னொருவர் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு எங்களை ஒவ்வொருவராக முறைத்தார், அது அதிகாரமாம். தாமிரபரணி மட்டும் ஆறு முறை மேடைக்கு வந்து தன் கதையைத் தானே சொன்னது. ஐந்து முறை நீலச் சேலையில், ஒரு முறை பச்சை வேட்டியில். ஆறு முறையும் எங்களைத் திட்டியது. நாங்கள் கண் கலங்கக் கைதட்டிவிட்டு, டீ குடித்த காகிதக் கப்புகளை ஜன்னல் வழியாக வாய்க்காலில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம்.

எல்லாவற்றையும் பாராட்டினேன். புரிந்தால் ‘அடர்த்தி’. புரியாவிட்டால் ‘பன்முகத்தன்மை’. நடிகர் கீழே விழுந்து புரண்டால் ‘உடல்மொழி’, சும்மா நின்றால் ‘வெளியை நிரப்புதல்’. இந்த நாலு சரக்கை வைத்து இரண்டு வருடம் கடை நடத்தினேன். ஒருத்தராவது என்னவே உளறுதீர் என்று கேட்டிருந்தால் திருந்தியிருப்பேன். கேட்கவில்லை, பொன்னாடைதான் போர்த்தினார்கள்.

அன்றைக்கு ஐந்து தனிமொழிகள். திரை கிடையாது, அறிவிப்பு கிடையாது, ஒப்பனை கிடையாது. நடிகர் பார்வையாளர்களுக்குள்ளிருந்து அன்றாட உடுப்பிலேயே எழுந்து மேடைக்குப் போவார். மேடைக்கும் வாழ்க்கைக்கும் நடுவே இருக்கும் சுவரை இடிக்கிறோம் என்று அழைப்பிதழில் போட்டிருந்தார்கள். ஐந்தாவது, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் மூடப்பட்டதும் வீட்டைக் காலிசெய்து மலையிலிருந்து இறக்கப்பட்ட ஒரு எஸ்டேட் தொழிலாளியின் தனிமொழி. ஒரு மணிக்குத் தொடங்கி நாலு மணிக்கு முடித்து அரங்கை ஒப்படைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நான்காவது முடியும்போதே நாலு பத்து. ஐந்தாவது நடிகர் நாகர்கோவிலிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை என்று அமைப்பாளர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போயிருந்தார். இது எனக்குத் தெரியாது. நான் நான்காவதைப் பாராட்டுவதற்காகக் குறிப்புத்தாளை எடுத்துத் தொண்டையைச் செருமினேன்.

அப்போது ஒருவர் விறுவிறுவென்று மேடையேறினார். ஐம்பது வயதிருக்கும். மடித்துக் கட்டிய வேட்டி, கையில் சாவிக்கொத்து.

“ஐயாமாரே, போதும். நாலு மணிக்கு முடிக்கதாத்தான் எழுதிக் குடுத்திருக்கிய. அஞ்சரைக்கு என் மவளப் பாக்க மாப்பிள்ளை வீட்டுக்காரவ வருதாவ. மாஞ்சோலையில இருந்து எங்கள எறக்கிவிட்ட பெறவு, சொந்த வீடு இல்லன்னு ரெண்டு எடம் தட்டிப்போச்சு. இது மூணாவது. நாலு இருவதுக்கு எங்க ஊருக்கு பஸ். அத விட்டா ஆறு மணிக்குத்தான். நீங்க எந்திரிச்சாத்தான் நான் பூட்ட முடியும். பூட்டினாத்தான் போக முடியும். கொஞ்சம் எந்திரிங்க.”

யாரும் எழுந்திருக்கவில்லை. எனக்குப் பக்கத்திலிருந்த அம்மாள் மூக்கை உறிஞ்சினார். மேடையில் அவர் எங்களைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி எங்களைப் பார்த்தார். “எந்திரிங்கய்யா” என்றார். உடனே மொத்த அரங்கமும் எழுந்து நின்று கைதட்டியது. தட்டி முடித்து உட்கார்ந்தும் விட்டது.

நான் மேடையில் பாய்ந்து, மிச்சமிருந்த பொன்னாடையை அவருக்குப் போர்த்தினேன். அவர் ஏதோ சொல்ல வந்தார். இருங்க, ஏற்புரை கடைசியில் என்று தடுத்தேன். பிறகு என்னென்ன பேசினேன் என்பதை இப்போது எழுதவே கூசுகிறது. சாவிக்கொத்து, வீடிழந்தவன் கையில் ஊரார் வீட்டுச் சாவி என்றேன். வராத பஸ் என்பது வரலாறு என்றேன். எல்லாமே பாராட்டாக இருந்தால் விமர்சகனுக்கு மரியாதை இல்லை என்பதால் இரண்டு குறையும் சொன்னேன்: நெல்லைப் பேச்சு சில இடங்களில் கொஞ்சம் செயற்கையாக இருந்தது, மலையில் வாழ்ந்த மனிதரின் நிற்கும் தோரணையை நடிகர் இன்னும் கவனித்துப் பயில வேண்டும்.

அவர் கை என் கைக்குள் வியர்த்துக்கொண்டிருந்தது. அதையும் குறிப்பிட்டுப் பாராட்டினேன்.

அமைப்பாளர் நாகர்கோவில் நடிகரை அழைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது மணி நாலரை தாண்டியிருந்தது. மேடையைப் பார்த்தவர் அப்படியே நின்றார். பிறகு ஓடிவந்து என் காதில், “அண்ணாச்சி, இவரு நம்ம ஹால் வாட்ச்மேன்லா” என்றார்.

இரண்டு வருடமாக மாதம் தவறாமல் எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான். சர்க்கரை கம்மி என்பது வரை நினைவு வைத்திருந்தார். நான் அந்த டீயை வாங்கிக்கொண்டே மனித முகத்தின் நுட்பங்களைப் பற்றிப் பேசியிருக்கிறேன். அவர் முகத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இதில் இன்னொரு கேவலம், அவர் பேசிய அந்த ஒரு நிமிடம் இரண்டு வருடத்தில் நான் கேட்டதிலேயே நல்ல தனிமொழி. இன்றைக்கும் அந்தக் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

எங்களையெல்லாம் வெளியேற்றிப் பூட்டி முடிக்க ஐந்து மணி தாண்டிவிட்டது. யாரோ ஒருவர் அவரை பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார். சேரன்மாதேவி தாண்டி அவர் ஊருக்குள் நுழையும்போது, மாப்பிள்ளை வீட்டார் எதிரே வேனில் திரும்பிக்கொண்டிருந்தார்களாம். பெண்ணைப் பெற்றவனே வீட்டில் இல்லை என்றால் என்ன மரியாதை என்று கேட்டுவிட்டுக் கிளம்பியிருக்கிறார்கள். அமைப்பாளர் போனில் சொன்னார். அந்த மாதம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுத ஆசைதான், இறங்கியது.

அடுத்த கூட்டத்துக்கு அரை மணி முன்னதாகவே போனேன். அவர் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டிருந்தார். வழியெல்லாம் மனதுக்குள் எழுதிவைத்திருந்த மன்னிப்பை ஆரம்பித்தேன். அது நீண்டதால் அவரே குறுக்கிட்டார். பிறகு ஆள் அனுப்பிச் சமாதானம் பேசியதில் அவர்கள் இன்னொரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போனார்களாம். தை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு. எனக்கு மூச்சு வந்தது. இருந்தாலும் அன்றைக்கு நான் செய்தது தப்பு, என்ன நடக்கிறதென்று புரியாமல் போய்விட்டது என்றேன்.

அவர் ஒரு நாற்காலியை விரித்துத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“எனக்குப் புரிஞ்சுதான் சார் மேல ஏறினேன். நீங்க தாளை எடுத்தியள்லா, எடுத்தா அரைமணி ஆவும்னு எனக்குத் தெரியும். அதுக்கு முந்தி பூட்டிருவோம்னு பாத்தேன்.”